வாழைத் தோட்டத்துக் குடும்பங்கள் தொடுத்த வழக்கு

கூட்டரசு நீதிமன்றம் என்றவுடன் நமக்குப் புத்ராஜெயாவின் நினைவுதான் வரும். நம் நாட்டில் எல்லா நீதிமன்றங்களுக்கும் மேலானது அது. அங்கே தீர்ந்தால் தீர்ந்ததுதான். அமெரிக்காவில் இந்தப் பெயருக்குப் பொருள் வேறு. அந்நாட்டில் ஒவ்வொரு மாநிலமும் தனக்கெனச் சொந்த நீதிமன்றங்களை வைத்திருக்கிறது. அவற்றோடு கூட்டரசுக்கென்றும் அடியிலிருந்து உச்சிவரை தனி வரிசை ஒன்று உண்டு. அந்த வரிசையின் முதற்படி மாவட்ட நீதிமன்றம். நாடு முழுவதும் இத்தகைய 94 மாவட்டங்கள் இருக்கின்றன. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிப்பதும், கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பதும் இந்த முதற்படியில்தான். அதற்குமேல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும்மேல் உச்ச நீதிமன்றம்.

புளோரிடா மாநிலத்தின் தென்பகுதிக்குரிய மாவட்ட நீதிமன்றம் ஒன்றில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் கிடைத்த ஒரு தீர்ப்பைப் பற்றியே இன்று நாம் பேசப்போகிறோம். வழக்குத் தொடுத்தவர்கள் தென்னமெரிக்காவிலுள்ள கொலம்பியா நாட்டின் வாழைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த குடும்பங்கள். பிரதிவாதி, சிக்கிட்டா என்ற பெயரில் உலகெங்கும் வாழைப்பழம் விற்கும் பெரிய கம்பெனி.

பால்மரமும் செம்பனையும் நமக்கு எப்படியோ, அப்படியே கொலம்பியாவின் உராபா வட்டாரத்தாருக்கு வாழை. குலைகளை நீலப் பிளாஸ்டிக் உறையால் மூடி வளர்க்கிறார்கள். வெட்டிய குலைகளைக் கம்பிப் பாதையில் தொங்கவிட்டு, இழுத்துக்கொண்டே பெட்டியடைக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கிருந்து பழம் கப்பலேறுகிறது. சிக்கிட்டாவின் முன்னோடி, யுனைட்டெட் புரூட் என்ற பழைய கம்பெனி. அந்தக் கம்பெனியின் தொழிலாளர்கள் 1928ஆம் ஆண்டு அந்நாட்டின் சியேனகா என்னுமிடத்தில் வேலைநிறுத்தம் செய்தபோது இராணுவம் சுட்டது. எத்தனை பேர் மாண்டார்கள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. அது வேறு கதை. ஆனாலும், அந்த மண்ணில் வாழைக்கும் துப்பாக்கிக்கும் இருந்த உறவு நேற்று வந்ததல்ல என்பதற்காகச் சொல்லி வைக்கிறோம்.

கொலம்பியாவில் பல்லாண்டுகளாக உள்நாட்டுப் போர் நடந்துவந்தது. காட்டில் இடதுசாரிக் கொரில்லாக்கள்; அவர்களை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டு வலதுசாரித் துணைப்படைகள். அத்துணைப்படைகள் 1997இல் ஒன்றுசேர்ந்தன. ஸ்பானிய மொழியில் அவற்றின் பெயரைச் சுருக்கி ஏ.யூ.சி. என்பார்கள். கொரில்லாக்களுக்கு உதவினார் என்று சந்தேகம் எழுந்தால் போதும், விவசாயியாயினும் தொழிற்சங்கத்தாராயினும் கொன்றுபோட்டார்கள். வாழைத் தோட்டத் தொழிலாளர் பலரும் அப்படி மாண்டார்கள். 2001ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அரசாங்கமே ஏ.யூ.சி.யைப் பயங்கரவாத இயக்கங்களின் பட்டியலில் சேர்த்தது.

இந்தப் படைக்குத்தான் சிக்கிட்டாவின் கிளைக் கம்பெனியான பானடெக்ஸ் பணம் கொடுத்துவந்தது. 1997 முதல் 2004 வரை நூறு தடவைக்கும் மேல். மொத்தம் 17 இலட்சம் அமெரிக்க டாலருக்கும் அதிகம். கம்பெனியின் கணக்கேட்டில் அது எப்படிப் பதிவாயிற்று தெரியுமா? பாதுகாப்புச் சேவைக்கான செலவு என்று! பயங்கரவாதப் பட்டியலில் பெயர் ஏறிய பின்னரும் பணம் போய்க்கொண்டே இருந்தது. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் கம்பெனி அமர்த்திய வழக்கறிஞர்களே, இதை உடனே நிறுத்தவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் கம்பெனி தானாகவே அமெரிக்க நீதித்துறையிடம் போய் விஷயத்தைச் சொல்லிற்று. ஆனால், சொன்ன பிறகும் பணம் கொடுப்பது நிற்கவில்லை!

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்க நீதிமன்றத்தில் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. அபராதம் 2 கோடியே 50 இலட்சம் டாலர். ‘நியாயம் கிடைத்துவிட்டதே, அப்புறம் என்ன வழக்கு?’ என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் குற்ற வழக்குக்கும் சிவில் வழக்குக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். குற்ற வழக்கில் ஒருபக்கம் அரசாங்கம், மறுபக்கம் குற்றவாளி. சட்டத்தை மீறியதற்குத் தண்டனை. அபராதம் அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். அந்த இரண்டரைக் கோடி டாலரில் ஒரு காசுகூடக் கணவனை இழந்த பெண்ணுக்கோ தகப்பனை இழந்த பிள்ளைக்கோ சேரவில்லை. அவர்களுக்கு ஏதாவது கிடைக்கவேண்டுமானால், ‘இன்னாரால் எனக்கு இந்த நஷ்டம் நேர்ந்தது, ஈடு கொடுக்கச் சொல்லுங்கள்’ என்று அவர்களே வாதிகளாக நின்று சிவில் வழக்குப் போடவேண்டும்.

போட்டார்கள். 2007 முதல் நியூ ஜெர்சி, வாஷிங்டன், நியூ யார்க், புளோரிடா எனப் பல இடங்களில் வழக்குகள் பதிவாயின. 2008இல் அவற்றையெல்லாம் புளோரிடாவில் ஒரே நீதிபதியிடம் சேர்த்துவிட்டார்கள். அவர் பெயர் கென்னத் மாரா. வாதிகள் பலர் தங்கள் உண்மைப் பெயரைக் கொடுக்கவில்லை. புனைபெயரில் வழக்காட அனுமதி பெற்றார்கள். தகப்பனைக் கொன்றவர்கள் இன்னும் அக்கம்பக்கத்தில் நடமாடும்போது, மகன் பெயரைச் சொல்லி வழக்குப் போடுவது இலேசான காரியமா?

இதற்குப் பிறகு வழக்கு ஏறியதும் இறங்கியதும் பல தடவை. வாதிகள் முதலில் பிடித்துக்கொண்டது 1789ஆம் ஆண்டின் ஒரு பழைய அமெரிக்கச் சட்டத்தை. வெளிநாட்டார் சிலவகைக் கொடுமைகளுக்காக அமெரிக்க நீதிமன்றத்தில் ஈடு கேட்க அது வழிசெய்கிறது. ஆனால், வெளிநாட்டில் நடந்த செயல்களுக்கு அச்சட்டம் பொதுவாகச் செல்லாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் கூறிவிட்டது. அதை வைத்து 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் குடும்பங்களின் அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. அத்தோடு முடிந்தது என்றே பலர் நினைத்திருப்பார்கள். மிஞ்சியது கொலம்பிய நாட்டின் சொந்தச் சிவில் சட்டம். ‘அப்படியானால் வழக்கைக் கொலம்பியாவுக்கே அனுப்புங்கள்’ என்றது கம்பெனி. 2016இல் நீதிபதி மாரா அதை ஏற்கவில்லை. ஆகவே அமெரிக்க நீதிமன்றத்தில், கொலம்பியச் சட்டப்படி வழக்கு நடந்தது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இது வழக்கத்தில் உள்ளதுதான்.

அடுத்து வந்த இடிதான் பெரிது. 2019இல் அதே நீதிபதி, ஜூரிகளின்முன் போகுமளவுக்குச் சாட்சியம் இல்லை என்று மாதிரிக்காக எடுத்துக்கொண்ட வழக்குகளைத் தள்ளிவிட்டார். கம்பெனி பணம் கொடுத்தது யாருக்கும் தெரியாத விஷயமல்லவே. அது ஒப்புக்கொண்ட ஒன்று. பிறகு எந்தச் சாட்சியம் குறைந்தது? ‘உன் கணவனைக் கொன்றது ஏ.யூ.சி. ஆட்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?’ என்பதே கேள்வி. ஊர் முழுவதும் அறிந்த செய்தியாக இருக்கலாம். ஆனால், ‘அவர்கள்தான் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்’ என்றால், அதைச் சட்டம் செவிவழிச் செய்தி என்று ஒதுக்கிவிடும். நம் லயத்தில் ஒரு சைக்கிள் காணாமற்போனால், ‘நான் பார்த்தேன்’ என்பவரின் பேச்சுக்கும், ‘பார்த்ததாகச் சொன்னார்கள்’ என்பவரின் பேச்சுக்கும் நாமே ஒரே மதிப்புக் கொடுப்பதில்லை. சொன்னவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது என்பதே அந்த விதியின் காரணம். விதி நியாயமானதுதான். ஆயினும் இரவில் கதவைத் தட்டி ஆளை இழுத்துப்போகும் கூட்டம், பெயரையும் முகவரியையும் எழுதிவைத்துவிட்டா போகும்? நேரில் பார்த்தவர் உயிரோடு இருப்பதே அரிது. இருந்தாலும் வாய் திறப்பது அதனினும் அரிது.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2022இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பெரும்பகுதி மாற்றியது. எந்த ஊர் எந்தக் காலத்தில் அந்தப் படையின் பிடியில் இருந்தது, கொலை எந்த முறையில் நடந்தது என்பன போன்ற சூழ்நிலைச் சாட்சியங்களையும் கொண்டு ஜூரிகள் முடிவுக்கு வரலாம் என்று கூறி, வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஒரு நீதிபதியின் முடிவை மற்றவர்கள் இப்படிப் புரட்டிப் பார்ப்பது அவருக்கு இழுக்கல்ல. படிகள் இருப்பதே அதற்காகத்தான். அதே நீதிபதி மாராதான் பின்னர் விசாரணையையும் நடத்தினார்.

ஜூரி முறை நம் நாட்டில் 1995இல் ஒழிக்கப்பட்டது; அதற்குமுன்பும் கொலை போன்ற பெரிய குற்றங்களுக்கே அது பயன்பட்டது. அமெரிக்காவிலோ பணம் சம்பந்தப்பட்ட சிவில் வழக்கிலும் சாதாரணக் குடிமக்கள் ஜூரிகளாக உட்காருகிறார்கள். சட்டம் இன்னது என்று நீதிபதி எடுத்துச் சொல்வார். நடந்தது எது என்று ஜூரிகள் சொல்வார்கள். சிவில் வழக்கில் தராசுதான் அளவு. சந்தேகத்துக்கு இடமேயில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. வாதியின் தட்டு ஒரு மயிரளவு கூடுதலாகத் தாழ்ந்தாலும் போதும்.

2024 ஏப்ரல் கடைசியில் வெஸ்ட் பாம் பீச் நகரில் விசாரணை தொடங்கியது. கம்பெனியின் முக்கிய வாதம் இது: ‘கழுத்தில் கத்தியை வைத்துக் கேட்டார்கள்; கொடுத்தோம். கொடுக்காவிட்டால் எங்கள் ஆட்களைக் கொன்றிருப்பார்கள்.’ இதைச் சுலபமாக ஒதுக்கிவிட முடியாது என்பது நம் எண்ணம். 1997இல் அந்தப் படையின் தலைவர் கார்லோஸ் காஸ்தானோ, பானடெக்ஸ் மானேஜரைச் சந்தித்தபோது, பணம் வராவிட்டால் ஆட்களுக்கும் சொத்துக்கும் ஆபத்து வரலாம் என்பதை உணர்த்தினார் என்று அரசாங்கத்தின் குற்ற வழக்குப் பத்திரங்களே சொல்கின்றன. அச்சம் பொய்யல்ல. ஆனால், அச்சுறுத்தலுக்குப் பணிந்தேன் என்று சொல்பவர் அந்த ஆபத்து உடனடியானது என்றும், வேறு வழி இருக்கவில்லை என்றும் காட்டவேண்டும். ஏழு ஆண்டுகள் மாதாமாதம் கொடுத்ததை உடனடி ஆபத்து என்று எப்படிச் சொல்வது? அந்த ஆண்டுகளில் கம்பெனி நஷ்டத்திலா நடந்தது? 2003இல் அதன் வாழை உற்பத்திக் கிளைகளில் அதிக இலாபம் ஈட்டியது பானடெக்ஸ்தான். வேறு வழியும் இருந்தது: 2004இல் அதை விற்றுவிட்டு வெளியேறினார்களே! விற்றுவிட்டுப் போகும் வழி கம்பெனிக்கு இருந்தது. வாழைக்குலை சுமந்தவருக்கு இல்லை.

ஆறு வாரங்களுக்குப் பின் ஜூரிகள் விடை சொன்னார்கள். பொறுப்புள்ள ஒரு வியாபாரி நடந்துகொள்ளும் விதத்தில் கம்பெனி நடந்துகொள்ளவில்லை. தெரிந்தே அந்தப் படைக்குக் கணிசமான உதவி செய்தது. அந்த உதவியால் பிறருக்குத் தீங்கு வரும் என்பது முன்கூட்டி அறியக்கூடியதாக இருந்தது. அச்சுறுத்தல் வாதம் நிரூபிக்கப்படவில்லை. மாண்டவர்களின் குடும்பத்தார் 16 பேருக்கு மொத்தம் 3 கோடியே 83 இலட்சம் டாலர் ஈடு. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 18 கோடி ரிங்கிட். முதல் வழக்குப் பதிவாகிப் பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

விசாரணைக்கு வந்தவை ஒன்பது பேரின் மரணங்கள். எட்டில் குடும்பங்கள் வென்றன. ஒன்பதாவதில், கொன்றது ஏ.யூ.சி.தான் என்பது நிரூபணமாகவில்லை என்று ஜூரிகள் முடிவு செய்தார்கள். அதே நீதிமன்றம், அதே கம்பெனி, அதே கணக்கேடு. அந்தக் குடும்பத்துக்கு மட்டும் ஒன்றும் இல்லை. செவிவழிச் செய்தி என்றும் சூழ்நிலைச் சாட்சியம் என்றும் நாம் மேலே பேசியதெல்லாம் வெறும் வக்கீல் பேச்சல்ல என்பது இந்த ஒன்பதாவது குடும்பத்தை நினைத்தால் விளங்கும்.

தீர்ப்பு வந்ததும் மேல்முறையீடு செய்யப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. 2025ஆம் ஆண்டில் கொலம்பிய நாட்டு நீதிமன்றம் ஒன்று, துணைப்படைக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் சிக்கிட்டாவின் முன்னாள் அதிகாரிகள் ஏழு பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அது குற்ற வழக்கு. ஈட்டுப் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. புளோரிடாவில் எட்டுக் குடும்பங்கள் வென்ற வழக்கு, முன்மாதிரியாக விசாரிப்பதற்கென்று பொறுக்கி எடுக்கப்பட்டது. அதே கம்பெனியின்மீது அதே குறையைச் சொல்லி அந்த நீதிமன்றத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது.