வினாத்தாளிற் சமன்பாடு நிற்குமிடம்

மொழியில் எழுதப்படும் வாக்கியம் இடமிருந்து வலமாக ஒரே வரியிற் செல்வது. கணிதம் அவ்வாறன்று. சுட்டி தலைக்குமேல் நிற்கும். பகுதியெண் கோட்டின் கீழ் நிற்கும். தொகையிடற் குறியின் எல்லைகள் அதன் தலையிலும் காலிலும் அமரும். நிற்குமிடமே பொருளைத் தருகின்றது. 2⁵ என்பதன் பெறுமானம் 32. அச்சுட்டி கீழிறங்கி வரியோடு ஒட்டிக்கொள்ளின் அது 25 ஆகிவிடும். இரண்டும் குறையற்ற எண்களாகவே தோன்றுதலின், படி ஒப்புநோக்குவோர் கண்ணுக்கும் இப்பிழை தப்பிவிடுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் தவணைத் தேர்வு ஒன்றில் இவ்வாறே நேர்ந்ததை யான் அறிவேன். ஒரு கோப்பிலிருந்து மற்றொன்றுக்கு வினாவைப் பெயர்த்தபோது சுட்டிகள் யாவும் வீழ்ந்துவிட்டன. வினாவை விட்டுவிட்ட மாணவருக்கு நட்டம் சிறிது. விடை வரும்வரை விடேன் என்று அரை மணி நேரம் போராடிய மாணவனே பெரிதும் இழந்தான். அவனுடைய ஏனைய விடைகளும் அந்நேரக் குறைவாற் கெட்டன.

சமன்பாட்டைத் தமிழ் நூலில் அமைக்கும் தொல்லை நம் நாட்டிற்குப் புதியதன்று. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற கறோல் விசுவநாதபிள்ளையவர்களின் வீசகணிதம் 1855ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கிய அக்காலத்திலே, ஒரு பின்னத்தை அமைப்பதற்குத் தொகுதியெண், கோடு, பகுதியெண் ஆகிய மூன்றையும் தனித்தனியே கோத்து, இருமருங்கும் வெற்றுத் துண்டுகள் இட்டு இறுக்க வேண்டும். பிற்காலத்தில் தட்டச்சும் ஸ்டென்சிலும் வந்தபோது, சொற்களைத் தட்டச்சிட்டுச் சமன்பாட்டுக்கு வெற்றிடம் விட்டு, அவ்விடத்தை எழுத்தாணியால் நிரப்பினர். அழகு குறைந்ததாயினும் அம்முறையிற் சுட்டி வீழ்ந்ததில்லை. எழுதியவர் கணிதம் அறிந்தவர்.

இன்று சொல் முறைவழிப்படுத்தி அவ்வேலையைச் செய்கின்றது. அதற்குக் கணிதந் தெரியாது. இலங்கையிற் பெருவழக்கான பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் எக்ஸ் விசை 'ஒ' என்பதையும், வை விசை 'ல' என்பதையும் தரும். ஆகவே, கோப்பு முழுவதையும் தெரிந்து எழுத்துருவை மாற்றுவோர், கணியங்கள் அனைத்தையும் ஒகர லகரங்களாக்கி விடுவர். சமன்பாட்டை அதற்கென அமைந்த பெட்டிக்குள் எழுதுவதே இதற்குப் பரிகாரம். மைக்ரோசொவ்ற் வேட் செயலியின் 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, ஆல்ற் விசையுடன் சமக்குறியை அழுத்தினால் அப்பெட்டி தோன்றும். அதற்கு முந்திய பழைய சமன்பாட்டுக் கருவி 2018ஆம் ஆண்டு சனவரியிற் பாதுகாப்புக் காரணத்தால் நீக்கப்பட்டது. அதனால் பழைய வினாத்தாள்களிலுள்ள சமன்பாடுகள் கண்ணுக்குத் தோன்றினும், முன்போலத் திருத்துதற்கு இடங்கொடா.

பெட்டிக்குள் எழுதிய சமன்பாடு இருவகையாக நிற்கும். பந்தியில் தனித்து நிற்பின் அது நடுவே முழு உருவத்துடன் விளங்கும். அதே பந்தியில் ஒரு சொல்லேனும், ஒரு முற்றுப்புள்ளியேனும் சேருமாயின் அது வரியுட் சமன்பாடாகிச் சுருங்கும், பின்னங்கள் சிறுக்கும். பலர் 'சமன்பாடு தானே சிறுத்துவிட்டது' என முறையிடுவதன் காரணம் அந்த முற்றுப்புள்ளியே. வரியுள் வரும் பின்னத்தைச் சாய்கோட்டால் எழுதுவோர் அடைப்புக்குறியை மறத்தலாகாது. 12/2×3 என்பதை 18 எனக் கொள்வாரும் உளர். 2 எனக் கொள்வாரும் உளர்.

வரி இடைவெளியைத் திட்டவட்டமான ஓர் அளவில் நிறுத்தி வைப்பதும் தீது. உயர்ந்த பின்னத்தின் தலை வெட்டுண்டு போகும். 'இவ்வளவுக்குக் குறையாதிருக்க' என்னும் தெரிவே தக்கது. சமன்பாட்டைப் படமாக ஒட்டுவோருக்கு வேறொரு துன்பம் உண்டு. படத்தின் அடி வரியின் அடியோடு நிற்குமாதலால், பின்னக்கோடு சமக்குறிக்கு நேரே வராது மேலெழும். எழுத்தமைப்பில் அதைச் சில புள்ளிகள் கீழிறக்கல் வேண்டும். படத்தை மிதக்க விடின், மேலே ஒரு வரி கூடியவுடன் அது அடுத்த வினாவுக்குக் குடிபெயர்ந்துவிடும்.

இலக்கமிடுதலுக்குப் பலர் இடைவெளி விசையை இருபது முறை அழுத்துவர். இது வேண்டாத உழைப்பு. 2016இற்குப் பிந்திய பதிப்புகளிற் சமன்பாட்டின் முடிவிலே, பெட்டிக்குள்ளேயே, #(1) என எழுதி என்ரர் விசையை அழுத்தினால், இலக்கம் வலக்கரைக்குச் செல்லும். சமன்பாடு நடுவிலேயே நிற்கும். பழைய பதிப்புடையோர் எல்லைக்கோடற்ற மூன்று நிரல் அட்டவணையின் நடு நிரலிற் சமன்பாட்டையும் வலநிரலில் இலக்கத்தையும் இடலாம்.

படிமுறையாக வரும் சமன்பாடுகள் சமக்குறியின் நேர்கீழே சமக்குறி வருமாறு நிற்றல் வேண்டும். 1557இல் றொபேட் றெக்கோட் இக்குறியை வகுத்தபோது, சமநீளமுள்ள இரு சமாந்தரக் கோடுகளினும் சமமானவை வேறில்லை என்று காரணங் காட்டினார். ஒவ்வொரு படியையும் சிப்ற் விசையோடு என்ரர் அழுத்திப் பிரித்து, யாவற்றையும் தெரிந்து, சமக்குறியில் நேர்ப்படுத்தும் கட்டளையை இடுக.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கில வழிகாட்டி நூல்கள் இதனைக் கூறா. நம் மொழியில் வினைமுற்று இறுதியில் வருவது. எனவே தனித்து நிற்கும் சமன்பாட்டின் பின்னரே 'எனின்', 'எனக் காட்டுக' என்பன வரும். பக்கம் முடியுமிடத்திற் சமன்பாடு நின்று, 'எனக் காட்டுக' அடுத்த பக்கத்திற்குப் போய்விட்டால், மாணவன் செய்யவேண்டியது யாது? தீர்க்க வேண்டுமா, நிறுவ வேண்டுமா? சமன்பாட்டுப் பந்தியை அடுத்த பந்தியோடு பிரியாதிருக்கும்படி பிணைத்தல் வேண்டும். அவ்வாறே 'அ இன் பெறுமானம்' என்னுமிடத்தில் 'இன்' உருபு தனியே மறுவரிக்குச் செல்லாதிருக்க, கொன்றோல், சிப்ற் விசைகளுடன் இடைவெளி விசையை அழுத்திப் பிரியா இடைவெளி இடுதல் தகும். தமிழ்ச் சொற்களைப் பெட்டிக்குள் புகுத்தாது வெளியே நிறுத்துவதும் நன்று. பெட்டியானது இடைவெளியையும் கட்டளையாகவே கொள்ளும் இயல்பினது.

அச்சகத்துக்குக் கொடுக்கும்போது மூலக்கோப்பை மட்டும் கொடுத்தல் போதாது. அங்குள்ள கணினியில் எழுத்துரு வேறாயின் பக்கங்கள் நகரும். எழுத்துருக்களை உட்பொதித்த பீடிஎப் படியையும் உடன் கொடுத்து, முதற் பிரதியை வாங்கி, ஒவ்வொரு வினாவையும் பென்சில் கொண்டு தாமே செய்து பார்த்த பின்னரே எஞ்சிய பிரதிகளை அச்சிடச் சொல்லுதல் வினாத்தாள் ஆக்கியோரின் வேலை.