பழைய படகுக்கு மழைதான் பகை

ஆக்லாந்து துறைமுகப் பாலத்தின் தென்கரையில் இருக்கிறது வெஸ்ட்ஹேவன் படகுத்துறை. ஏறத்தாழ 2,000 படகுகள் நிற்கும் இடம். அங்கே பழைய மோட்டார் படகு ஒன்றை விலைபேசப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது பளபளக்கும் வண்ணமும் புது மெத்தைகளும்தான். அவற்றுக்காகப் பணம் கொடுக்கக் கூடாது. படகின் உடலுக்குள் தண்ணீர் எங்கே புகுந்திருக்கிறது என்பதே விலையின் அடிப்படை. கடல்நீரைவிட மழைநீர் இதில் கொடியது.

நியூசிலாந்தின் கவுரி மரத்தில் கட்டிய படகுகளைப் பார்த்தால் இது விளங்கும். லோகன் சகோதரர்கள் போன்ற ஆக்லாந்துக் கட்டுநர்கள் மெல்லிய கவுரிப் பலகைகளை மூன்று அடுக்காக இழைத்தார்கள். உள் அடுக்குகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர்ச்சாய்வாக, வெளி அடுக்கு நீளவாக்கில். அப்படிக் கட்டி 1904இல் அவர்கள் நீரில் இறக்கிய ‘அரிக்கி’ பாய்மரப் படகு நூறாண்டு கடந்தும் நிலைத்திருக்கிறது. மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சைக்கு உப்பு ஒத்துவராது, நன்னீர் ஈரம் போதும். அதனால் நீருக்கடியில் இருக்கும் பலகை திடமாக இருக்க, மேல்தளத்தின் மூலைகளும் ஜன்னலோரங்களும் மக்கிப் போகின்றன. ஆக்லாந்தில் மழை ஆண்டு முழுவதும் பரவிப் பெய்வதால் காய்வதற்கு அவகாசமும் குறைவு.

ஃபைபர் படகுக்கும் இதே கதைதான். எடை குறையப் பல படகுகளின் மேல்தளத்துக்குள் லேசான பால்சா மரத்தை வைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பியின் திருகு ஓட்டை ஒன்று சரியாக அடைபடாவிட்டால், மழைநீர் கசிந்து பால்சா ஊறிக் கூழாகிவிடும். வாங்குபவருக்காகப் படகைச் சோதிக்கும் சர்வேயர் சிறு சுத்தியலால் தளத்தைத் தட்டிக்கொண்டே போவார், நாம் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்பதைப் போல. ‘டக்’ என்றால் திடம், ‘தொப்’ என்றால் அழுகல். அடிப்பாகத்தில் கொப்புளங்கள் இருந்தால் குத்திப் பார்க்க வேண்டும். புளித்த வாடையுள்ள நீர் வந்தால், ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சைத் தாண்டி ஊடுருவிய தண்ணீர், இழைகளைப் பிணைக்கும் ரெசினோடு வினைபுரிந்திருக்கிறது என்று பொருள். இது பெரும்பாலும் படகை மூழ்கடிக்காது, ஆனால் சரிசெய்யும் செலவு பெரிது. ஈரமானியைக் கொண்டு அளப்பவர்கள், படகைக் கரையேற்றிய உடனே அளந்தால் ஏமாறுவார்கள். சில நாள் உலர வேண்டும்.

கட்டுமானத் தரத்தை எடைபோட, வண்ணம் பூசாத மறைவிடங்களே நல்லவை. இருக்கைக்கு அடியில், எஞ்சின் அறையின் கோடியில் ஃபைபர் இழைகள் ரெசினில் முழுதாக நனைந்து ஒட்டியிருக்கின்றனவா, நனையாத வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் தமிழகக் கரைக்கு அவசரமாக வந்த ஃபைபர் படகுகளில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன என்பதை நம் மீனவர்கள் அறிவார்கள்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில்தான் கிளப்பச் சொல்ல வேண்டும். சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். கரும்புகை, எரிபொருள் முழுதாக எரியாததை. பிறகு கடலில் முழு வேகத்தில் ஓட்டி, உற்பத்தியாளர் குறித்த சுழற்சியை எட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஓடிய மணிநேரம் மிகக் குறைவு என்பது பெருமையல்ல. சும்மா கிடந்த டீசல் எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும்.

இன்னொன்று. நியூசிலாந்தில் பொழுதுபோக்குப் படகைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எனவே அசையும் சொத்தின் மீதான கடன்களைக் காட்டும் அரசுப் பதிவேட்டை வாங்குபவரே தேடிப் பார்க்க வேண்டும். விற்றவர் அடைக்காத கடனுக்காகக் கடன் கொடுத்தவர் படகைக் கைப்பற்ற வழியுண்டு.