திருகாணி காக்கும் இல்லம்

உருவத்தாற் சிறியது என்று எதனையும் இகழலாகாது என்பதற்கு வள்ளுவர் தேரின் அச்சாணியைச் சான்று காட்டினார். இன்று நம் இல்லங்களில் அவ்விடத்தில் நிற்பது திருகாணியே. காதணியின் வழி நம் பெண்டிர் நன்கறிந்த சொல் இது.

கூரை மின்விசிறியை நோக்குவோம். அதன் தொங்குகுழாயை மோட்டாருடன் பிணைப்பது குறுக்கே செல்லும் போல்ட்டும் நட்டும். நட்டு கழன்று வீழாமற் காப்பது அதன் நுனியிற் செருகிய பிளவூசி. குழாயைப் பக்கவாட்டில் அழுத்தி ஆட்டத்தை அடக்குவது ஒரு சிறு திருகாணி.

இவ்வழுத்துத் திருகாணியை மாற்றுங்கால், பழையதன் விட்டமும் மரையும் புதியதில் ஒத்திருத்தல் வேண்டும். மிகுபிடிப்புக்குக் கடினமாக்கிய எஃகு சிறந்தது. ஈரமும் உப்புக்காற்றும் உள்ள ஊர்களுக்குத் துருவேறா எஃகு ஏற்றது. தண்டில் வடு விழலாகாதெனில் பித்தளை முனையுள்ளதைத் தேர்க. குழிமுனை தண்டைக் கவ்விப் பிடிக்கும்; தட்டைமுனை அடிக்கடி கழற்றி மாட்டும் இடத்திற்குப் பொருந்தும்.

விசிறி ஆடினால் திருகாணிகளையும் இறக்கைகளையும் ஆராய்க. முனகியும் சுழலாதிருந்தாலோ, வேகம் குன்றினாலோ முதலில் கண்டன்சரை ஐயுறுக. உராய்வொலி எழுந்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். எதனைத் தொடும் முன்னும் மெயின் சுவிட்சை நிறுத்துதல் வேண்டும்.

சுழலும் விசிறியின் கீழே குழந்தை துயில்கிறது. உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். பிளவூசி இருக்கிறதா, திருகாணி இறுகியிருக்கிறதா என ஆண்டுக்கொரு முறை பார்த்தலும் அவ்வமானிதத்தைப் பேணுதலேயாம்.