தாடைக்கு அடியில் தேயிலைப் பச்சை

பதுளையில் என்னிடம் எண்ணெய்வண்ண உருவப்படம் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பழைய அடையாள அட்டையைத்தான் நீட்டுவார்கள். இறந்துபோன அம்மாவோ பாட்டியோ அதில் கறுப்பு வெள்ளையில், முத்திரை அளவில் இருப்பார். “கொஞ்சம் வெள்ளையா போட்டுக் குடுங்க சேர்” என்பார்கள். நான் கேட்டு வந்த மகளை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து நிறம் குழைப்பேன். அந்தத் தோலில் இருக்கிற நிறங்களைப் பலகையில் காட்டிவிட்டால், வெளுக்கச் சொல்லும் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும்.

தோல் நிறம் என்று டியூபில் வரும் இளஞ்சிவப்பு வெள்ளைக்காரர் கன்னத்துக்கு ஆனது. நமக்கு பர்ன்ட் சியன்னா, யெல்லோ ஓக்கர், அல்ட்ராமரைன் நீலம், கொஞ்சம் அலிசரின் சிவப்பு, டைட்டேனியம் வெள்ளை போதும். சியன்னாவில் நீலத்தைக் குழைத்தால் ஆழமான நிழல் வந்துவிடும். கறுப்பு டியூப் வேண்டாம். ஸ்வீடன் ஓவியர் ஆண்டர்ஸ் ஸோர்ன் வெள்ளை, ஓக்கர், வெர்மிலியன், கறுப்பு என்ற நான்கை வைத்தே முகங்கள் வரைந்ததாகச் சொல்வார்கள். அங்கே நீலத்தின் வேலையைக் கறுப்பு பார்த்தது.

வெள்ளையில்தான் கவனம் வேண்டும். மாநிறத்தைப் பிரகாசமாக்க அதை அள்ளிப் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். ஓக்கரால் ஏற்றிக்கொண்டு போய், மினுக்கம் விழும் இடத்தில் மட்டும் வெள்ளை வையுங்கள். கும்பகோணம் பக்கத்தில் பிறந்து 2021-இல் கொரோனாவில் மறைந்த ஓவியர் இளையராஜாவின் கிராமத்துப் பெண்களைப் பாருங்கள். மாநிறம் மாநிறமாகவே ஒளிர்கிறது.

நெற்றியிலும் மூக்கு நுனியிலும் மினுங்குவது வானத்தின் நிறம். கறுத்த தோலில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். அப்புத்தளையில் பனிமூட்டம் இறங்கினால் மினுக்கம் நீலச்சாம்பல், நிழல் செம்மை. பசறைப் பக்கத்து வெயிலில் தலைகீழ். இடுப்பளவு செடிக்குள் நின்று கொழுந்தெடுப்பவருக்குக் கீழேயிருந்தும் வெளிச்சம் அடிக்கும். தாடைக்கு அடியில், கழுத்தில் தேயிலையின் பச்சை ஏறியிருக்கும். ஓக்கரில் துளி நீலம் விட்டு அதை வைக்காவிட்டால், ஸ்டூடியோவில் ஆளை நிறுத்திப் பின்னால் மலையை ஒட்டிய மாதிரி இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே சாயம் சுலபத்தில் காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனைப் பிடித்துத்தான் இறுகுகிறது. குளிர் அதைத் தாமதப்படுத்தும். அதனால் அடிப்பூச்சுக்கு அம்பர் என்ற மண்பழுப்பு நல்லது. அதிலுள்ள மங்கனீசு சீக்கிரம் இறுகவைக்கும். அலிசரின் மெதுவாகக் காயும், மேல்பூச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முகத்தைவிடக் கைதான் நேரம் எடுக்கும். கொழுந்தின் சாறு பட்டுப் பட்டுக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கறுத்திருக்கும். வெடிப்புக்குள் கறை இன்னும் கறுப்பு. உள்ளங்கையோ இளஞ்செம்மை. இரண்டும் சேரும் விளிம்பில் கோடு கிடையாது. அங்கே துணியால் தேய்த்து மழுப்பாமல், நடுநிறம் ஒன்றைக் குழைத்து வைக்க வேண்டும். கறையை எடுத்துவிடச் சொல்கிறவர்களும் உண்டு. அதற்கு மட்டும் நான் இணங்குவதில்லை. அம்பரில் நீலம் கலந்து, சின்னத் தூரிகையின் நுனியால் ஒவ்வொரு வெடிப்பாக வைப்பேன்.