அலுமினியம் வெல்டிங்: இரும்பில் கை தேர்ந்தவரும் தடுமாறுவது ஏன்?

இரும்பில் நன்றாக வெல்டிங் செய்பவர் கையில் ஓர் அலுமினியத் தகட்டைக் கொடுத்துப் பாருங்கள். ஒன்று, எவ்வளவு நேரம் சூடாக்கினாலும் தகடு அசையாது. இல்லையென்றால் திடீரென்று ஓட்டை விழுந்துவிடும். ரெண்டுக்கும் நடுவே ஒரு நிலையே இல்லையோ என்று தோன்றும். வீடியோ பார்த்துவிட்டு ஆன்லைனில் மெஷின் ஆர்டர் போட நினைப்பவர்கள், அதற்கு முன் இந்த உலோகத்தின் குணத்தைத் தெரிந்துகொள்வது பர்ஸுக்கும் உடம்புக்கும் நல்லது.

நம்மூர்ப் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்று சொல்வதுதான் டிக் வெல்டிங். டார்ச்சில் இருக்கும் டங்ஸ்டன் ஊசியின் முனையிலிருந்து மின்பொறி பாய்ந்து உலோகத்தை உருக்கும். ஊசி உருகாது. சுற்றிலும் ஆர்கான் வாயு காற்றை அண்டவிடாமல் காக்கும். ஒரு கையில் டார்ச், மறு கையில் ஃபில்லர் கம்பி, காலடியில் கரன்ட்டைக் கூட்டிக் குறைக்கும் பெடல். 1940-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நார்த்ராப் விமான நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித் என்பவர் மெக்னீசியத்தை இணைக்க உருவாக்கிய முறை இது. அப்போது பயன்பட்டது ஹீலியம்.

வில்லன் யார்?

அலுமினியம் காற்றில் பட்ட உடனே அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகிவிடும். இரும்பு போலத் துருப்பிடித்து உதிராமல் அலுமினியத்தைக் காப்பதே இந்தப் படலம்தான். வெல்டிங்கில் அதுவே வில்லன். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். ஆக்சைடோ 2,000 டிகிரியைத் தாண்டினால்தான் உருகும். பாலின்மேல் ஆடை மாதிரி, மேலே தோல் அப்படியே நிற்க, உள்ளே உலோகம் உருகிக்கொண்டிருக்கும். அந்தத் தோல் கிழியும் நேரத்தில்தான் ஓட்டை.

இதற்காகத்தான் ஏசி கரன்ட். மின்சாரம் ஒரு திசையில் பாயும்போது உலோகம் உருகும். மறு திசையில் பாயும்போது படலம் உடைந்து விலகும். நொடிக்குப் பல முறை இது மாறி மாறி நடக்கிறது. விலை குறைந்த இன்வெர்ட்டர் மெஷின்கள் பலவற்றில் டிசி மட்டுமே இருக்கும். பெட்டியில் 'டிக்' என்று போட்டிருந்தாலும் அது இரும்புக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும்தான். 'ஏசி/டிசி' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்காவிட்டால் காசு வீண்.

கண்ணை நம்பலாமா?

இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் சிவக்காது, நிறம் மாறாமலே உருகிவிடும். அதனால் பார்க்க வேண்டியது நிறத்தை அல்ல, பளபளப்பை. மேற்பரப்பு கண்ணாடி போல மின்னும் சின்னக் குட்டையாக மாறும் கணத்தில் ஃபில்லர் கம்பியை ஒரு தொடு தொட்டு எடுத்து, டார்ச்சைச் சற்றே நகர்த்த வேண்டும். சாதா இரும்பைவிட அலுமினியம் பல மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். தொடங்கும்போது கரன்ட் அதிகம் வேண்டும். போகப் போக முழுத் தகடும் சூடேறிவிடுவதால் பெடலைத் தளர்த்திக்கொண்டே வர வேண்டும். புதியவர்கள் தவறவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

பழகுவதற்கு 3 மி.மீ. தகடு நல்லது. சுமார் 120 ஆம்பியர், 2.4 மி.மீ. டங்ஸ்டன், நிமிடத்துக்கு 8 லிட்டர் அளவில் தூய ஆர்கான் என்று தொடங்கலாம். முதலில் எதையும் இணைக்க வேண்டாம். வெறும் தகட்டில் நேர்க்கோடு போட்டுப் பழகினால் போதும். ஊசி குட்டையில் பட்டுவிட்டால் நிறுத்தி, மறுபடி தீட்டித்தான் ஆக வேண்டும். ஒரு நாளில் பத்து முறை நடக்கும், சலித்துக்கொள்ளக் கூடாது.

சுத்தம் செய்வதில் ஓர் ஆபத்து

எண்ணெயும் ஈரமும் இருந்தால் அவற்றின் ஹைட்ரஜன் உருகிய உலோகத்தில் கரைந்து, ஆறும்போது பொடிப் பொடித் துளைகளாக நின்றுவிடும். எனவே அசிட்டோனால் துடைத்து, அது முழுக்கக் காய்ந்தபின், அலுமினியத்துக்கென்றே தனியாக வைத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பைக் மெக்கானிக் கடையில் இருக்கிறதே என்று பிரேக் கிளீனரை எடுத்துவிடக் கூடாது. குளோரின் கலந்த கரைப்பான்கள் வெல்டிங் ஒளியிலும் வெப்பத்திலும் ஃபாஸ்ஜீனாக மாறலாம். முதல் உலகப் போரில் ஆயுதமாக வீசப்பட்ட விஷவாயு அது. கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரலைத் தாக்கும்.

ஆர்கான் விஷமில்லை. ஆனால் காற்றைவிடக் கனமானது. மூடிய சின்ன அறையில் தேங்கி ஆக்சிஜனை வெளியேற்றிவிடும். பளபளக்கும் அலுமினியம் புற ஊதாக் கதிரையும் திருப்பி அடிப்பதால் கழுத்து, மணிக்கட்டு எல்லாம் மூடியிருக்க வேண்டும்.

பழகிவிட்டால் எதையும் ஒட்டலாமா?

முடியாது. பரவலாகப் பயன்படும் 6061 கலவையை ஃபில்லர் இல்லாமல் உருக்கி இணைத்தால் விரிசல் விடும். 4043 அல்லது 5356 கம்பி தேவை. பதப்படுத்திய 6061, வெல்டிங் சூடு பட்ட இடத்தில் பலத்தில் கணிசமான பங்கை இழந்துவிடும். பார்க்க அழகாக இருந்தாலும். ஏணி, அலாய் வீல், பைக் ஸ்விங்ஆர்ம் போல உயிர் தாங்கும் பாகங்களைப் புதியவர் தொடவே கூடாது.

முறையாகக் கற்க ஐடிஐ-களில் ஓராண்டு வெல்டர் பிரிவு உண்டு. திருச்சி பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. வீட்டில் பழகுபவர்கள், ஜன்னல் செய்யும் அலுமினியக் கடைகளில் மிஞ்சும் துண்டுகளைக் கேட்டு வாங்கலாம். அவற்றில் பெயின்ட், கோட்டிங் இருந்தால் வெல்டிங் செய்யும் இடத்தில் தேய்த்து எடுத்துவிட வேண்டும். பழைய இன்ஜின் கவரில் மட்டும் தொடங்க வேண்டாம். வருடக்கணக்கில் ஊறிய எண்ணெய் எவ்வளவு துடைத்தாலும் உள்ளிருந்து வந்துகொண்டேயிருக்கும்.