தோற்பவரே குரு

மரத்தில் மரம் உரசி இறங்கும் ஒரு சத்தம். முன்னால் நீண்டிருந்த மரவாளின் நுனி, பிடித்திருந்தவரின் இடுப்பைத் தாண்டிப் பின்னுக்குப் போய்விட்டது. அவர் நிமிர்வதற்குள் எதிராளியின் தடி, அவருடைய இரு புருவங்களுக்கு நடுவே வந்து நிற்கிறது. வாள்காரர் தோற்றுவிட்டார். அந்தப் பயிற்சிக்கூடத்தில் அவர்தான் மூத்தவர். பெரும்பாலும் ஆசிரியரே அவர்தான்.

ஷிந்தோ முசோ ரியூ என்ற ஜப்பானியத் தடிக்கலையின் ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய இப்படித்தான் முடிகிறது. சுமார் 400 ஆண்டுகளாக இந்தக் கலையைத் தாங்கி நிற்பது இந்த ஏற்பாடுதான் என்பேன்.

இதைத் தொடங்கியவர் முசோ கொன்னொசுகே. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பெயர்பெற்ற வாள்வீரர் மியாமோட்டோ முசாஷியிடம் தோற்றார். பிறகு ஃபுகுவோகாவுக்கு அருகிலுள்ள ஹோமன் மலைக்குப் போய் 37 நாள் வேண்டுதல் இருந்தார் என்கிறது மரபுக்கதை. உருண்டைக் கட்டையைக் கொண்டு ‘சுய்கெட்சு’வை அறிந்துகொள் என்று கனவில் வாக்குக் கிடைத்ததாம். சொல்லுக்குச் சொல் பார்த்தால், தண்ணீரில் தெரியும் நிலா. போர்க்கலையில் அது மார்பெலும்புக்குக் கீழே உள்ள குழியைக் குறிக்கும். கொன்னொசுகே மறுபடி முசாஷியை எதிர்த்து வென்றார் என்பதும் அந்த மரபுக்குள் வழங்கும் கதை. அந்த வெற்றி எனக்குப் பெரிதாகப் படவில்லை. தோற்ற மனிதர் உட்கார்ந்து யோசித்தாரே, அதுதான் பெரிது.

அப்படிப் பிறந்த தடியின் பெயர் ஜோ. வெள்ளை ஓக் மரம், 128 சென்டிமீட்டர் நீளம், 24 மில்லிமீட்டர் குறுக்களவு. பயிற்சிக்கான மரவாள் 102 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். ஆக, தடிக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு சாணுக்குச் சற்று அதிகம். அந்த ஒரு சாணை வைத்துத்தான் எல்லாம். தடிக்கு முனை எது, பிடி எது என்ற பேதமே கிடையாது. ஈட்டிபோல் குத்தலாம், வாள்போல் வெட்டலாம், கை நழுவி மறுமுனைக்குப் போனால் அடுத்த அடி எதிர்பாராத பக்கத்திலிருந்து வரும். அடிக்கும்போது ‘எய்!’ என்றும், குத்தும்போது ‘ஹோ!’ என்றும் குரல் எழும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த அடிக்கு ஹிகிஓதோஷி என்று பெயர். புதிதாக வருகிறவர் பலங்கொண்ட மட்டும் வாளின்மேல் அடிப்பார், வாள் அசையாது. இடுப்பு திரும்பி, தடி வாளின் பக்கவாட்டில் தொட்டு, அதன் மேலேயே வழுக்கி இறங்க வேண்டும். அது கைவந்துவிட்டால் வாள் தானாகப் பறக்கும். ஒரே அடிக்கு வருடக்கணக்கில் பயிற்சி என்றால் மிகையில்லை.

வாள் ஏந்துபவரை உச்சிதாச்சி என்பார்கள். அவருடைய வெட்டு பொய்யாக இருந்தால் மாணவரின் விலகலும் பொய்யாகிவிடும். அதனால் அவர் உண்மையாகவே தலைக்குக் குறிவைத்து வெட்டுகிறார். கவசமில்லை. மாணவர் சீக்கிரமே விலகினால் வாள் அவரைத் தொடர்ந்து வரும். தாமதித்தால் நெற்றிக்கு மேல் வந்து நிற்கும். மாணவர் வளர வளர வெட்டின் வேகமும் நெருக்கமும் கூடும். எவ்வளவு கூட்டுவது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவர்தான் வாளைப் பிடிக்க முடியும். தடி கற்பவருக்கு வாள்பாடங்களும் கட்டாயம் சொல்லிக்கொடுப்பது இதனால்தான்.

ஃபுகுவோகாவை ஆண்ட குரோடா பிரபுக்களின் ஆட்சிப் பகுதிக்குள்ளேயே பேணப்பட்ட இந்தக் கலையை, 20ஆம் நூற்றாண்டில் ஷிமிசு தகாஜி டோக்கியோவுக்குக் கொண்டுபோனார். காவலர்களுக்கும் கற்பித்தார். 1968இல் அகில ஜப்பான் கெண்டோ சம்மேளனம் 12 பாடங்களைப் பொதுவடிவமாக வகுத்தது. இன்று பல நாடுகளில் இதைக் கற்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆண்டுதோறும் நவம்பர் 3ஆம் தேதி டோக்கியோவின் மெய்ஜி ஆலய வளாகத்தில் பழைய போர்க்கலைகளை நிகழ்த்திக் காட்டுகிறார்கள். அங்கேயோ காணொளியிலோ தடியும் வாளும் மோதுவதைப் பார்க்க நேர்ந்தால், ஜெயிக்கிற தடியைக் கொஞ்சம் விட்டுவிட்டு வாள்காரரின் கால்களைக் கவனியுங்கள். பாடம் நடத்துபவர் அவர்தான்.