உங்களுக்குத் தெரியுமா? தோட்டாவின் அடியில் ஒரு பொட்டு

தோட்டாவின் அடிப்பகுதி நடுவில் பதிந்திருக்கும் சிறு உலோகக் கிண்ணமே பிரைமர். துப்பாக்கி ஊசி அதைத் தாக்கியதும் தீப்பொறி பாய்ந்து உள்ளிருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். தீபாவளிக்குச் சிறுவர்கள் சுடும் கேப்பு வெடிப்பதும் இப்படி அடிபட்டுத்தான்.

பிரைமர்களில் நிலைத்தவை இரண்டு வகை. இரண்டும் 1860களில் பிறந்தவை. பாக்சர் வகையில், அடியைத் தாங்கும் அடைகல் பிரைமருக்குள்ளேயே இருக்கும். தோட்டாக் கூட்டில் நடுவே ஒரே துளை. பெர்டன் வகையில் அடைகல் கூட்டோடு சேர்ந்தது. பக்கத்தில் பெரும்பாலும் இரண்டு சிறு துளைகள். எரிந்துபோன பாக்சரை ஒரு கம்பியால் தள்ளிவிடலாம். கூட்டை மறுபடி நிரப்புவோர் அதையே நாடுவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயப் படை அதிகாரி பாக்சரின் வகை அமெரிக்காவில் வேரூன்றியது. அமெரிக்கரான பெர்டனுடையது ஐரோப்பாவில்.

பாக்சர் வகையில் சிறிய பிரைமரின் குறுக்களவு 0.175 அங்குலம், பெரியது 0.210. குறுக்களவு ஒன்றானாலும் பெரிய ரைபிள் பிரைமர் பெரிய பிஸ்டல் பிரைமரைவிடச் சற்று உயரம். ரைபிள் பிரைமரைப் பிஸ்டல் கூட்டில் செருகினால் துருத்தி நிற்கும். மேக்னம் எனப்படும் பிரைமரின் தீ உக்கிரமானது. கணக்கில்லாமல் மாற்றினால் அழுத்தம் எகிறும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.